தக்காளியை விற்ற மாதம்

மார்ச் 4, புதன்

காலையில் முதல் வேலையாகக் கார் இருக்கையை முன்னால் இழுத்தேன். புதன்கிழமை என்றால் எனக்கு இதுதான் உடற்பயிற்சி. செவ்வாய் மாலை மாமா, அதாவது என் மாமனார், பேத்தியை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போவார். இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளுவார், மூன்று கண்ணாடிகளையும் தன் உயரத்துக்குத் திருப்புவார், வானொலியைச் செய்திக்கு மாற்றுவார். அப்படியே சாவியை மாட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். மறுநாள் காலையில் நான் உட்கார்ந்தால் பெடலுக்குக் கால் எட்டாது. அப்பா செருப்பைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி இருக்கும்.

தலைக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பையும் ஒரு முறை கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். கையில் கிடைக்கும் காகிதத்தையெல்லாம் அதில் செருகிவைப்பது அந்தக் காலத்துப் பழக்கம். நீச்சல் குளத்து அட்டை, மருந்துக்கடை ரசீது, ஒரு சீப்பு. இன்று கூடவே ஒரு கடிதமும் மடியில் விழுந்தது. நேற்றைய தபாலை வாங்கியவர் அங்கேயே செருகிவிட்டார் போல.

காப்பீட்டு நிறுவனம். இந்த மாதம் பதினைந்தோடு பழையது முடிகிறதாம். புதுப் பிரீமியம் — எழுத மனம் வரவில்லை. சென்ற வருடத்தைப் போல இரண்டு மடங்கு. வண்டிக்கு வயது பதினொன்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

எங்கள் தக்காளிக்கா இது? (நிறத்தாலும் உருவத்தாலும் வந்த பெயர். வைத்தவள் மகள்.)

மார்ச் 5, வியாழன்

மதிய இடைவேளையில் காப்பீட்டுக்காரர்களுக்குப் போன் செய்தேன். இருபது நிமிடம் புல்லாங்குழல். பிறகு ஒரு பெண்.

"மேடம், உங்க வண்டி பேர்ல ரெண்டு விபத்து இருக்கே."

"ஒண்ணுதானே? அதுகூட விபத்து இல்லைங்க, தூண்."

"தூணா?"

"வண்டி நிறுத்துற இடத்துல இருந்த தூண். அது நகரல. நான்தான் நகர்ந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று சம்பளத்தோடு சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்.

"இன்னொண்ணு போன செப்டம்பர் பதினாறு. முன்பக்கம், இடது மூலை. எதிர்த்தரப்பு கொடுத்த புகார். தப்புன்னு நினைச்சா எழுதி அனுப்புங்க, ஃபைலைப் பார்த்துட்டு கடிதம் போடுறோம்."

இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். கிணற்றில் போட்ட கல்.

பிறகு கைபேசியில் நாட்காட்டியைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். செப்டம்பர் 16 — செவ்வாய்க்கிழமை.

மார்ச் 6, வெள்ளி

முன்பக்க இடது மூலையில், விளக்குக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். அதன்மேல் சிவப்பு பூசியிருக்கிறது. காரின் சிவப்பில்லை, அதைவிடக் கொஞ்சம் பளபளப்பு. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். மகளின் நகப்பூச்சு! போன வருடம் "என் பாட்டிலை யாரோ எடுத்துட்டாங்க"ன்னு வீட்டையே தலைகீழாக்கினாளே, அதேதான்.

ஐயோ மாமா.

மார்ச் 7, சனி

இரவு சமையல் முடிந்ததும் இவரிடம் சொன்னேன். இவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குவார், அப்பா முன்னால் மட்டும் நாற்பத்தோராவது பிள்ளை.

"நீ கேளேன்."

"உங்க அப்பா. நீங்க கேளுங்க."

"உன்னைன்னா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

"அதுக்காகத்தான் நான் கேட்க மாட்டேன்."

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று இரண்டு எலிகள் பாத்திரம் துலக்கிக்கொண்டே பேசினோம். கடைசியில் எலி ஒன்று துணிந்து கூடத்துக்குப் போயிற்று. "அப்பா, செப்டம்பர்ல வண்டி எங்கயாவது லேசா..." இவர் முடிக்கவில்லை.

"நானா? முப்பத்திரண்டு வருஷம்! ஒரு கோழிக்குஞ்சு? ஒரு சைக்கிள்? ஒரு கீறல் உண்டா? போய் டெப்போல கேளு!"

டெப்போவை மூடி ஆறு வருடமாகிறது. அங்கே இப்போது ஒரு தளவாடக் கடை. அதைச் சொல்லும் அளவுக்கு எங்கள் இருவருக்கும் துணிச்சல் இல்லை.

கீறலைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். மாமனார் உடைத்தால் குடமே இல்லை போலிருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

இன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் என் வேலை சீக்கிரம் முடிந்தது. நீச்சல் வகுப்புக்கு நானும் வருகிறேன் என்று பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். மகள் பின்னால், காதில் பாட்டு. மாமா ஓட்டுவதைப் பார்க்கவே ஒரு சுகம் உண்டு; தூங்கும் குழந்தையை இடம் மாற்றுகிறவர் மாதிரி கியரை மாற்றுவார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நூலகத்து முனையில் இடது பக்கமிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். கூடையில் காய்கறி. நான் பார்க்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று — மாமா வேகத்தைக் குறைக்கவில்லை. குறைப்பார் குறைப்பார் என்று இருந்தேன். குறைக்கல. "மாமா!"ன்னு கத்திட்டேன். வண்டி குலுங்கி நின்றது. சைக்கிள்காரி எங்களைத் திட்டிக்கொண்டே போனாள். அவள் திட்டத் திட்ட எனக்கு உயிர் வந்தது. திட்டுகிறாள் என்றால் முழுசாக இருக்கிறாள்.

"பார்த்தேன், பார்த்தேன். எதுக்கு இப்படிக் கத்துறே?" என்றார் மாமா.

பார்க்கவில்லை. எனக்குத் தெரியும். கண் சோதிப்பதுதானே என் பிழைப்பு. பதினெட்டு வருடமாக இருட்டறையில் "இப்போ தெரியுதா, இதுல தெரியுதா"ன்னு கேட்கிறவள். சாப்பாட்டு மேசையில் இடது கைப்பக்கம் இருக்கும் உப்பை அவர் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். வயசாச்சு, கவனம் குறையுதுன்னு நினைச்சேன். என்ன நினைப்பு அது? கடையில் யாராவது வந்து சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் டாக்டருக்குச் சீட்டு எழுதியிருப்பேன். வீட்டில் உப்பை வலது பக்கம் நகர்த்தி வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

பின்சீட்டில் என் பிள்ளை இருந்தாள்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். "தலைவலி, காத்து வேணும்"னு ஏதோ உளறினேன். மாமா மறுக்கவில்லை. வழியெல்லாம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மார்ச் 11, புதன்

இருக்கை என் உயரத்திலேயே இருந்தது. பிடிக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

தந்திரம் ஒன்று செய்து, தோற்றேன்.

எழுத்துப் பலகையில் மாமாவைப் பிடிக்க முடியாது. கடைசி வரியை அச்சிட்டவன் பெயரோடு வாசிப்பார். அதனால்தான் உரிமத்தைப் புதுப்பிக்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் "சபாஷ் பெரியவரே" வாங்கிக்கொண்டு வருகிறார். நேராகப் பார்ப்பதில் குறையில்லை. ஓரப் பார்வைதான் சந்தேகம். அதற்குக் கடையில் ஒரு இயந்திரம் உண்டு. கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்ன வெளிச்சம் வரும். வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும்.

"மாமா, மெஷின்ல புதுசா ஏதோ மாத்தியிருக்காங்க. எனக்குப் பழகணும். நீங்க வந்து உட்கார முடியுமா?"

"சோதனைக்கு எலிக்குட்டியா வேணும் உனக்கு? வரேன்."

வந்தார், உட்கார்ந்தார், அழுத்தினார். எவ்வளவு ஒழுங்காக! டக், டக், டக். முடிந்ததும் தாளை எடுத்துப் பார்த்தால், வெளிச்சமே வராதபோதும் பாதி நேரம் அழுத்தியிருக்கிறார். இயந்திரத்தின் தாளத்தை இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே பழுது சொன்ன மனுஷன், இதைப் பிடிக்க மாட்டாரா? தாளின் மூலையில் இயந்திரம் தன் தீர்ப்பை எழுதியிருந்தது: நம்பத்தக்கதல்ல.

"எப்படி? நூத்துக்கு நூறா?" என்றார்.

"மெஷின் உங்களை நம்பலையாம் மாமா."

"அது போகட்டும். நீ நம்புறியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே கண்ணாடிச் சட்டங்களைத் துடைக்கப் போய்விட்டேன். முதலாளியம்மா பார்த்துவிட்டு, "அந்தச் சட்டத்தை இதோட நாலு தடவை துடைச்சாச்சு" என்றார்.

மார்ச் 14, சனி

நாளையோடு காப்பீடு முடிகிறது. காலைக் காபிக்கு மகாசபை கூடியது.

நேற்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். மாமாவின் கண்ணைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. பழியைப் பிரீமியத்தின் மேல் போட்டுவிடுவது. "இவ்வளவு காசு கொடுத்து இந்த வண்டியை வச்சிருக்கணுமா? வித்துடலாம்" என்றேன். குரல் எனக்கே நியாயமாக இருந்தது.

இவர்தான் எதிர்த்தார். தக்காளி இவர் சேமிப்பில் வாங்கிய முதல் பொருள். "நாம இடிக்கவே இல்லை. அப்புறம் எதுக்கு விக்கணும்? திங்கக்கிழமை நானே நேர்ல போய் சண்டை போடுறேன். ஃபைலைக் காட்டுன்னு உட்கார்ந்துடுவேன்."

மகளுக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். வக்கீல் எழுந்து நின்றாள். "நானே சாட்சி. எல்லா செவ்வாயும் நான் வண்டியில இருந்தேன். தாத்தா எதையும் இடிக்கல. எழுதிக் கொடுக்கவும் தயார்."

"அவ்வளவுதான்! சாட்சியும் இருக்கு" என்றார் இவர்.

என் ஒத்திகை வீணானது. அப்போது மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான்தான் இடிச்சேன்."

யாரும் கேட்பதற்கு முன் அவரே தொடர்ந்தார்.

"செப்டம்பர்ல. ஒரு வண்டியை உரசிட்டேன். சொல்லக் கூச்சமா இருந்துச்சு. சண்டையெல்லாம் வேணாம், வித்துடுங்க."

"தாத்தா, நான் இருந்தேனே!"

"நீ பின்னாடி தூங்கிட்டிருந்தே."

"நான் வண்டியில தூங்கவே மாட்டேன்."

"அன்னிக்குத் தூங்கினே, தாயி." பிறகு ஒன்றுமே நடக்காதது போல, "செவ்வாய்க்கிழமைக்கு என்ன? பதினேழாம் நம்பர் பஸ். நாலு பத்துக்கு நம்ம முனையில நிக்கும். குளத்து வாசல்லயே இறக்கிவிடுவான். எனக்குத் தெரியாத பஸ்ஸா?" என்றார்.

இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பா தப்பு செய்தார் என்பதைவிட, அதை ஒப்புக்கொண்டார் என்பதில் ஆடிப்போயிருந்தார்.

நான் நினைத்தபடிதான் நடந்தது. அப்புறம் ஏன் எனக்கு ஏமாற்றியவள் போல இருக்கிறது?

மார்ச் 15, ஞாயிறு

தக்காளி இன்றுமுதல் வாசலில் நிற்கும் ஒரு பெரிய பூந்தொட்டி.

மார்ச் 17, செவ்வாய்

கடைக்குத் திங்கள் விடுமுறை; இன்றுதான் பேருந்தில் வேலைக்குப் போன முதல் நாள். காரில் இருபது நிமிடம், இதில் ஐம்பது. அந்த இருபது நிமிடம்தான் ஒரு நாளில் எனக்கென்று இருந்த ஒரே அறை என்பது அது போன பிறகு தெரிகிறது. அதில் பாடுவேன். முதலாளியம்மாவுக்குப் பதில் சொல்லிப் பார்ப்பேன். ஒரு தடவை சிவப்பு விளக்கில் அழுது, பச்சை விழுந்ததும் நிறுத்தியிருக்கிறேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தோளில் தூங்கினார். அழுதால் அவர் எழுந்துவிடுவார்.

மாலையில் மாமாவும் வக்கீலும் பதினேழாம் நம்பரில் போய்வந்தார்கள். வக்கீலின் அறிக்கை: "அம்மா, தாத்தா டிரைவருக்குப் பின்னாடி சீட்லதான் உட்காரணும்னு அடம். வழியெல்லாம் இவரே பிரேக் மிதிக்கிறாரு. கால் தரையில இப்படி, இப்படி!"

மாமாவின் அறிக்கை: "பையன் பரவாயில்லை. வளைவுல கொஞ்சம் அவசரம்."

மார்ச் 19, வியாழன்

கடை மூடும் நேரத்தில் கதவு திறந்தது. மாமா. தனியாக, பேருந்தில், சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு.

"அந்த மெஷின் இருக்கா?"

"இருக்கு மாமா."

"இன்னொரு தடவை உட்காரவா? இந்தத் தடவை தெரிஞ்சா மட்டும் அழுத்துறேன்."

விளக்கை அணைத்தேன். இயந்திரம் ஓடியது. டக். பிறகு நீண்ட அமைதி. டக். மறுபடி அமைதி. அந்த அமைதிகளில் வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு இந்தப் பக்கத் திரையில் தெரிந்தது. இடது பக்கம், ஒன்றன்பின் ஒன்றாக. அவர் நடுப்புள்ளியைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. அவ்வளவு நேர்மையாக யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

தாளைக் காட்டினேன். இடது பாதி கறுப்பு. வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"கேட்டுத் தூணு" என்றார்.

"என்ன மாமா?"

"அந்தக் கீறல். நம்ம வீட்டு கேட்டுத் தூணு. முப்பது வருஷமா அங்கதான் நிக்குது. அன்னிக்கு மட்டும் காணாம போச்சு."

"என் தூணும் அப்படித்தான் மாமா. அது நகரல."

இருவரும் சிரித்தோம். அவருக்குச் சிரிப்பில் கொஞ்சம் இருமல் வந்தது. அப்புறம், "கண்ணு விஷயம் இப்போதைக்கு அவன்கிட்ட வேணாம். இடிச்சேன்னா ஒரு நாள் தப்புன்னு விட்டுடுவான். இதுன்னா உட்கார்ந்து அழுவான்" என்றார்.

"கடை ரகசியம். வெளிய போகாது. ஆனா திங்கக்கிழமை என்கூட டாக்டர்கிட்ட வரணும்."

"கார் இல்லையே."

"பஸ் இருக்கு. எந்த நம்பர்னு நீங்கதான் சொல்லணும்."

"இருபத்தி ரெண்டு" என்றார் உடனே.

இப்போது எழுதும்போது ஒரு சந்தேகம். கீறல் கேட்டுத் தூணால் என்றால், செப்டம்பரில் உரசிய அந்த இன்னொரு வண்டி எங்கே? இரண்டும் நடந்ததோ? கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு மனிதரிடம் இவ்வளவு போதும்.

மார்ச் 23, திங்கள்

டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். வாழ்நாள் முழுக்க, காலையும் இரவும். இனி ஓட்டக் கூடாது என்று அவர் ஆரம்பிக்கும் முன்பே மாமா, "வண்டியை வித்தாச்சு டாக்டர். இன்சூரன்ஸ் ஏறிப்போச்சு" என்றார். அடடா, எவ்வளவு இயல்பாக!

வீட்டில் சொட்டு மருந்துக்கு என்ன பெயர்? "கண் எரிச்சலுக்கு." இவர், "அதான் நாள் முழுக்க டிவி பார்க்காதீங்கன்னேன்" என்று அப்பாவைக் கண்டித்தார். மாமா தலைகுனிந்து கண்டிப்பை வாங்கிக்கொண்டார். நான் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தேன்.

மார்ச் 26, வியாழன்

வண்டி பார்க்க ஆள் வந்தாயிற்று. அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. ஐம்பத்தொரு வயதில் ஓட்டக் கற்று, போன வாரம்தான் உரிமம் வாங்கியிருக்கிறார். காரைத் துணி பார்ப்பது போலவே பார்த்தார். இரண்டு விரலால் தடவி, ஓரத்தைப் பிடித்து.

"இந்த ஒட்டு எந்தப் பெயிண்ட்? நிறம் ஒத்துப்போகலையே."

வக்கீல் முந்திக்கொண்டாள். "அது என் நெயில் பாலிஷ். பாட்டில் காசை விலையில கழிச்சுக்கலாம், ஆனா என்கிட்ட கொடுக்கணும்."

அக்கா சிரித்துக்கொண்டே வக்கீலுக்குத் தனியாக ஒரு தாளை நீட்டினார். செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துக்கொள்வாராம். அன்றுதான் அவருடைய காப்பீடு தொடங்குகிறது. "எனக்கும் ஏகப்பட்டது கேட்கிறான் தம்பி. புதுசா கத்துக்கிட்டவளாம், அதுக்கு அபராதம்" என்றார் இவரிடம்.

மாமா வாசலிலிருந்து, "கிளட்ச்சைக் கொஞ்சம் பொறுமையா விடும்மா. அதுக்குக் கோபம் வரும்" என்றார்.

மார்ச் 29, ஞாயிறு

காரைச் சுத்தம் செய்தேன். இருக்கைகளுக்கு அடியில் கிடைத்தவை: ஏழு முடி வளையங்கள், ஒற்றைக் காலுறை, இவர் வருடக்கணக்கில் தேடிய பேனா, தொலைத்துவிட்டதாக நான் பழிபோட்ட நூலகப் புத்தகம் (வக்கீலிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்), கல்லாகிப்போன அரை ரொட்டி.

கண்ணாடியை உள்ளே துடைக்க, வெயில் மறைப்பை இறக்கினேன். பழக்கம்போல மடியில் ஒரு உறை விழுந்தது.

காப்பீட்டு நிறுவனம். என் பெயருக்கு. மார்ச் 11 தேதியிட்டது, அஞ்சல் முத்திரை 12. ஓரத்தை பிளேடால் நேராகக் கீறித் திறந்திருக்கிறது. மாமாவின் கை. அவர் உறையைக் கிழிக்கவே மாட்டார்.

இரண்டு பத்திதான். என் மின்னஞ்சலுக்கு நன்றி. செப்டம்பர் 16 விபத்தில் சிக்கியது எங்கள் வண்டி அல்ல; எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிப் பதிந்துவிட்டார்கள். வருந்துகிறார்கள். பிரீமியம் பழையபடியே. பதினைந்தாம் தேதிக்குள் கட்டினால் போதும்.

ஆக, கிணற்றில் போட்ட கல் பதில் எழுதியிருக்கிறது.

தபால் பகல் பதினொரு மணிக்குத்தான் வரும்; பதின்மூன்றாம் தேதியே வாங்கிப் படித்திருக்கிறார். மறுநாள் காலை இவர் சண்டைக்குக் கிளம்புவேன் என்றதும் — போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை வெளிவந்து, தக்காளி இன்னும் ஐந்து வருடம் இந்த வீட்டில் இருந்திருக்கும். அதற்குத்தான் அந்த "நான்தான் இடிச்சேன்."

இடிக்காத வண்டியை. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு கீறல் இல்லாத மனிதர். உலகத்தில் அவர் பெருமைப்பட்ட ஒரே விஷயத்தை, காபி ஆறுவதற்குள், மகனும் பேத்தியும் பார்க்கத் தன் கையாலேயே கீறிக்கொண்டார்.

கடிதத்தின் பின்பக்கம் பென்சிலில் கட்டம் போட்டிருந்தது. பதினாலாம் நம்பர், அடித்திருக்கிறது. முப்பத்தொன்று, அடித்திருக்கிறது, பக்கத்தில் "பெரிய ரோட்டைக் கடக்கணும்". கடைசியாக: "17. 4.10. குளத்து வாசல். பாப்பாவுக்கு நடை இல்லை." அடியில் இரண்டு கோடு. எனக்குத் தெரியாத பஸ்ஸா என்றாரே!

இதை இவரிடம் காட்டினால் அப்பாவின் பெயர் பளிச்சென்று துலங்கிவிடும். வக்கீல் வழக்கில் ஜெயித்து ஊரைக் கூட்டுவாள். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காரையும் வைத்துக்கொள்ளலாம். என் இருபது நிமிடம் எனக்குத் திரும்பக் கிடைக்கும். (கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.) அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சாவி எங்கே என்று யாராவது கேட்பார்கள். அப்போது கண்ணைப் பற்றி யாராவது சொல்லியாக வேண்டும்.

கடிதத்தை அதே மடிப்பில் மடித்தேன். அதே இடத்தில் செருகி, மறைப்பை மேலே தள்ளினேன்.

மார்ச் 31, செவ்வாய்

அக்கா மூன்று மணிக்கு வந்தார். புதுச்சேலை, கார் வாங்க வந்தவர்போல இல்லை, கல்யாணத்துக்கு வந்தவர்போல இருந்தார். இவர் காகிதங்களைக் கொடுத்தார். சாவியை அவர் கையில் வைக்கப்போனபோது மாமா, "ஒரு நிமிஷம்" என்றார்.

முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தேன். சரியாக இருந்த வாரை அவிழ்த்து, மறுபடி போட்டு, மறுபடி அவிழ்த்து. நிமிர்ந்தபோது அவர் இறங்கிவிட்டிருந்தார். சட்டைப் பை கொஞ்சம் புடைத்திருந்தது.

"என்னப்பா எடுத்தீங்க?" என்றார் இவர்.

"சீப்பு."

அக்கா கிளட்ச்சை விட்ட விதத்தில் தக்காளி தவளை மாதிரி இரண்டு முறை குதித்தது. மூன்றாம் முறை ஒழுங்காகப் போயிற்று. முனை திரும்பும்வரை மாமாவின் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "தாயி, பையை எடு. நாலு பத்து வண்டி போயிடும்." இருவரும் போனார்கள். வக்கீல் அவருடைய இடது பக்கம் நடந்தாள். சொல்லியா கொடுத்தோம்? இல்லை. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சாட்சி சொல்லிவிடுவாள், கேட்கப் போவதில்லை.

இரவுச் சாப்பாட்டில் இவர் கைபேசியை நீட்டினார். சின்ன கார், நீல நிறம். "ஆறு மாசம் போகட்டும். இதுக்கு இன்சூரன்ஸ் ரொம்பக் கம்மி, விசாரிச்சுட்டேன். அப்பாவும் தைரியமா ஓட்டலாம். ஒரு தடவை இடிச்சதுக்காக அவரை அப்படியே உட்கார வச்சுட முடியுமா?"

நல்ல மகன். அந்த நல்ல மனதை என்ன செய்வது?

மாமா தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் உப்பை அவர் வலது கைப்பக்கம் நகர்த்தினேன்.

"பார்க்கலாம்" என்றேன் இவரிடம்.

பார்க்கப் போவதில்லை. மாமா இந்த வீட்டில் இருக்கும்வரை இன்னொரு கார் இந்த வாசலுக்கு வராது. நீலமோ சிவப்போ, ஆறு மாதத்திலோ ஆறு வருடத்திலோ. பாட வேண்டுமென்றால் குளியலறை இருக்கிறது. அழ வேண்டுமென்றால் பேருந்தில் ஜன்னலோரம் பிடித்துக்கொள்கிறேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை, மாமாவிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்கிற அன்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வேன்: இன்சூரன்ஸ் ஏறிப்போச்சே.